டாக்காவிலிருந்து சென்ற நான்கு பக்கக் கட்டுரை: குவாண்டம் ஆய்வுக்கு வித்திட்ட சத்யேந்திரநாத் போஸ்

தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரலில் ரூ.6,003.65 கோடி ஒதுக்கி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. குவாண்டம் கணினி, குவாண்டம் உணரி, மீக்கடத்திச் சாதனங்கள் எனப் பல துறைகளில் இதன்கீழ் ஆய்வு நடைபெறுகிறது. இத்துறைகளின் அடித்தளத்தில், டாக்காவில் ஓர் இந்திய ஆசிரியர் 1924-இல் எழுதிய நான்கு பக்கக் கட்டுரைக்கும் இடமுண்டு.

அவர் சத்யேந்திரநாத் போஸ். 1894 ஜனவரி 1 அன்று கொல்கத்தாவில், ரயில்வே ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பிரசிடென்சி கல்லூரியில் பயின்று, 1915-இல் எம்.எஸ்சி. தேர்வில் முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் பெற்றவர் மேக்நாத் சாகா. இருவரும் ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்தனர். கொல்கத்தா பல்கலைக்கழகம் 1920-இல் அதனை நூலாக வெளியிட்டது.

போஸ் 1921-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஒளி குறித்த பிளாங்க் விதியின் நிரூபணத்தில் பழைய அலைக் கொள்கையும் புதிய குவாண்டம் கருத்தும் கலந்திருந்தது அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே ஒளித்துகள்களை எண்ணும் முறையையே அவர் மாற்றினார்.

இரு நாணயங்களைச் சுண்டினால், இரண்டும் பூவாக விழும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நாணயங்களைத் தனித்தனியே பிரித்தறியவே இயலாது எனில், பூ-தலை, தலை-பூ ஆகிய இரண்டும் ஒரே நிலையாகிவிடும். வாய்ப்பு மூன்றில் ஒன்றாக உயரும். ஒளித்துகள்களையும் இவ்வாறே எண்ண வேண்டும் என்பதே போஸின் கணக்கு. ஒரே நிலையில் திரளும் அவற்றின் இயல்பு இதிலிருந்து புலப்பட்டது.

இங்கிலாந்தில் அச்சேறாத அக்கட்டுரையை, முனைவர் பட்டம் பெறாத முப்பது வயது போஸ், 1924 ஜூன் 4 அன்று நேரடியாக ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே அதனை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். அக்கணக்கை அணுக்களுக்கும் விரித்தார். இவ்விதிக்கு உட்படும் துகள்களுக்குப் பின்னர் 'போசான்' எனப் பெயர் சூட்டியவர் டிராக். மீக்கடத்திகளில் இணைசேரும் எலெக்ட்ரான்கள் போசான்களை ஒத்தே இயங்குகின்றன. மீக்கடத்திக் குவாண்டம் கணினிகளின் சுற்றுகள் இவ்வியல்பைச் சார்ந்தவை.

ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுகள் தங்கியபின் நாடு திரும்பிய போஸ், 1945 வரை டாக்காவில் பணியாற்றினார். தாய்மொழியில் அறிவியலைப் பரப்புவதற்காக 1948-இல் வங்காள அறிவியல் மன்றத்தைத் தொடங்கினார். 1954-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1974 பிப்ரவரி 4 அன்று காலமானார்.

ஐன்ஸ்டைன் முன்கணித்த அணுத்திரள், 1995-இல் அமெரிக்காவின் கொலராடோவில் முதன்முறையாக உருவாக்கப்பட்டது. 'போஸ்-ஐன்ஸ்டைன் திரள்' எனப்படும் அச்சாதனைக்கு 2001-இல் மூவர் நோபல் பரிசு பெற்றனர். போஸுக்கு அப்பரிசு ஒருபோதும் வழங்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.