முப்பது ரூபாய்க் கணக்கர்

கல்கத்தா ஜோராசங்கோ என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது தாகூர் வீடு. அதே பேட்டையில், ரவீந்திரர் பிறப்பதற்கு சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1813-ல் ஒரு சாதாரணக் குடும்பத்தில் ராதாநாத் சிக்தார் பிறந்தார். தந்தை பெயர் திதுராம். உலகத்தின் மிக உயர்ந்த சிகரம் எது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் என்று வங்காளிகள் இன்றும் பெருமையோடு சொல்லும் மனிதர் இவர்தான். வாழ்நாள் முழுவதும் அவர் பார்த்தது சர்க்கார் உத்தியோகம், பிடித்தது பேனா.

1824-ல் ஹிந்து காலேஜில் சேர்ந்தார். டெரோஸியோவின் மாணவர் கூட்டத்தில் அவரும் ஒருவர். ஆனால் அவர் மனம் தோய்ந்தது டைட்லர் என்ற ஆசிரியரின் கணித வகுப்பில். நியூட்டனின் பெருநூலை அவரிடம் பாடம் கேட்டார். அந்தச் சமயத்தில் நில அளவைத் துறையின் தலைவர் ஜார்ஜ் எவரெஸ்ட், கோளத் திரிகோணமிதி தெரிந்த இளைஞன் ஒருவன் வேண்டும் என்று டைட்லரிடம் கேட்டார். டைட்லர் கைகாட்டியது சிக்தாரை. 1831 கடைசியில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் முப்பது ரூபாய். வயது பதினெட்டு.

அந்த அளவைப் பணி நம் ஊரில் தொடங்கியது. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் தரையில் சங்கிலி வைத்து அளந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வடக்கே வளர்ந்து வந்தது. அதுபோன்ற இன்னொரு அடிக்கோட்டை எவரெஸ்ட் 1831-32 குளிர்காலத்தில் பாரக்பூர் டிரங்க் ரோட்டில் அளந்தார். அதற்காகக் கட்டிய கோபுரங்களை அந்தச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம். என்னவென்று கேட்கிறவர்கள்தான் குறைவு.

சிக்தாரை எவரெஸ்ட் டேராடூனுக்கு அழைத்துப் போனார். வேறு உத்தியோகத்துக்குப் போக அவர் முயன்றபோது விடவில்லை. இந்த ஆளை இழக்க முடியாது என்பது அவர் எண்ணம். ஆனால் இருவரின் சிநேகமும் சிக்தாரை அடங்கிப் போகிறவராக ஆக்கிவிடவில்லை. 1843-ல் டேராடூனில் வான்சிடார்ட் என்ற மாஜிஸ்திரேட், அளவைத் துறைக் கூலியாட்களைத் தம் மூட்டைகளைச் சும்மா சுமக்க வைத்தார். சிக்தார் மூட்டைகளை நிறுத்தி வைத்துவிட்டுக் கேள்வி கேட்டார். கேட்டது வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டை. வழக்கு நடந்து சிக்தாருக்கு 200 ரூபாய் அபராதம் விழுந்தது. முப்பது ரூபாயில் ஆரம்பித்த ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்பது சம்பளக்காரர்களுக்குத் தெரியும். அபராதம் கட்டினார். ஆனால் விஷயம் கல்கத்தாப் பத்திரிகைக்கு வந்து ஊரறிந்தது.

1849-ல் தலைமைக் கணக்கராகக் கல்கத்தா திரும்பினார். எவரெஸ்ட் அதற்குள் ஓய்வு பெற்றுச் சீமைக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் இருந்தவர் ஆண்ட்ரூ வா. நேபாளத்துக்குள் போக அனுமதியில்லை. ஆகவே பீகார் சமவெளியிலிருந்தே இமயமலைச் சிகரங்களைத் தியோடலைட் வைத்து நோக்கினார்கள். பெயரில்லாத ஒரு சிகரத்துக்குப் பதினைந்து என்று எண் கொடுத்தார்கள். ஜிரோல், மிர்சாபூர், ஜனிபதி, லட்னியா, ஹர்பூர், மினாய் என்ற ஆறு இடங்களிலிருந்து அதன் கோணத்தை எடுத்தார்கள். மிக அருகில் உள்ள இடமே 108 மைலுக்கு அப்பால். தொலைவானது 118 மைலுக்கு மேல்.

இங்கேதான் கணக்கு வந்தது. 110 மைல் தூரத்தில் பூமியின் வளைவு மலையை சுமார் 8,000 அடி கீழே இறக்கிக் காட்டும். அதற்கு எதிராகக் காற்று ஒளியை வளைத்து ஆயிரம் அடிக்கு மேல் தூக்கிக் காட்டும். பூமியின் வளைவு தெரிந்த விஷயம். காற்றின் வளைவு வெயிலுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும். ஆகத் தெரியாதவை இரண்டு: சிகரத்தின் உயரம் ஒன்று, காற்றின் வளைவு மற்றொன்று.

பள்ளியில் ஒருங்கமை சமன்பாடு என்று படித்ததுதான் இது. டீக்கடையில் ஒரு டீயும் இரண்டு சிங்காராவும் 28 ரூபாய் என்றால் டீ விலை தெரியாது. மறுநாள் இரண்டு டீயும் ஒரு சிங்காராவும் 26 ரூபாய் என்றால் இரண்டு விலையும் வந்துவிடும். முதல் நாள் கணக்கை இரட்டித்தால் இரண்டு டீயும் நான்கு சிங்காராவும் 56. அதில் 26-ஐக் கழித்தால் மூன்று சிங்காரா 30. ஒன்று பத்து ரூபாய், டீ எட்டு ரூபாய். அதுபோல ஓர் இடத்திலிருந்து பார்த்தால் ஒரு சமன்பாடு, இரண்டு இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு. உயரமும் வளைவும் சேர்ந்தே வரவேண்டும்.

வரவேண்டும்தான். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. முதல் நாள் பத்து டீ, பத்து சிங்காரா 180 ரூபாய். மறுநாள் பத்து டீ, பதினொரு சிங்காரா 190 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். விடை அதேதான். ஆனால் கடைக்காரர் கைப்பிசகாக 190-க்குப் பதில் 192 என்று எழுதினால், சிங்காரா 12 ரூபாய் ஆகும், டீ ஆறு ரூபாய்க்கு இறங்கும். 190-ல் இரண்டு ரூபாய்த் தவறு டீ விலையில் கால் பங்கைத் தின்றுவிடும். இரண்டு சமன்பாடுகளும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தால் சிறு பிழை இப்படிப் பெருகும். ஆறு நோக்கு இடங்களும் 108-க்கும் 119-க்கும் இடையே என்பதால் அவற்றின் சமன்பாடுகளும் அண்ணன் தம்பி போலத்தான் இருந்தன. நேராகத் தீர்த்தால் இருபது முப்பது அடிப் பிசகு நூறு, இருநூறு அடியாகிவிடும்.

அதனால் காற்றின் வளைவைத் தனியே கண்டார்கள். உயரம் தெரிந்த இரண்டு இடங்களிலிருந்து ஒன்றையொன்று பார்த்து, உண்மைக் கோணத்துக்கும் தெரிகிற கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுப்பது அதற்கான முறை. தெரியாதவை இரண்டில் ஒன்றை இப்படிக் குறைத்துக்கொண்டு ஆறு இடங்களுக்கும் தனித்தனியே உயரம் கணித்தார்கள். 28,990 அடியிலிருந்து 29,026 அடி வரை வந்தது. சராசரி 29,002 அடி. நூறு மைலுக்கு அப்பால் நின்று பார்த்த ஆறு கணக்குகளுக்குள் முப்பத்தாறு அடி வித்தியாசம்! 2020-ல் அறிவித்த அளவு 8,848.86 மீட்டர். அடிக் கணக்கில் 29,032 எனலாம். பழைய கணக்கு முப்பது அடிதான் பிந்தியிருந்தது. உடன் உழைத்த கணக்கர்களும் கோணம் எடுத்தவர்களும் பலர். ஆனால் கணக்கின் தலைவர் சிக்தார்.

1852-ல் ஒருநாள் அவர் வாவின் அறைக்குள் ஓடிப்போய்ச் செய்தி சொன்னார் என்று ஒரு கதை உலவுகிறது. நன்றாக இருக்கிறதே தவிர நம்ப முடியவில்லை. சிக்தார் இருந்தது கல்கத்தாவில். வாவின் தலைமையிடம் டேராடூன். ஆண்டுக்கணக்கில் சரிபார்த்த கணக்கு ஒரே நாளில் ஓடிவந்து சொல்கிற செய்தியும் அல்ல. 1856 மார்ச்சில் வா அதை அறிவித்தார். சிகரத்துக்குத் தம் முந்திய தலைவர் எவரெஸ்டின் பெயரை வைத்தார். அந்தப் பெயரை இந்நாட்டார் உச்சரிக்க முடியாது என்று எவரெஸ்டே தயங்கினார், சூட்டியது சூட்டியதுதான்.

1852-ல் கல்கத்தா வானிலை நிலையத்தின் பொறுப்பும் சிக்தாருக்கு வந்தது. பாரமானி எண்களை ஒரே வெப்பநிலைக்குத் திருத்தும் சூத்திரம் ஒன்றை வகுத்தார். 1854-ல் நண்பர் பியாரி சந்த் மித்ராவோடு சேர்ந்து 'மாசிக் பத்ரிகா' என்ற மாத இதழைத் தொடங்கினார். வீட்டுப் பெண்கள் படிக்கும்படி பேச்சு வங்காளியில் எழுதவேண்டும் என்பது அதன் கொள்கை. பண்டிதர்கள் முகம் சுளித்த காலம் அது. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1862-ல் ஓய்வு பெற்று சில காலம் கணிதம் கற்பித்தார். 1870 மே 17 அன்று சந்தர்நகர் கோந்தல்பாராவில் காலமானார்.

இறந்த பின்னும் ஒரு வழக்கு மிச்சமிருந்தது. 1851-ல் துய்லியரும் ஸ்மித்தும் வெளியிட்ட இந்திய நில அளவைக் கையேட்டில் கணிதப் பகுதிகளை எழுதியவர் சிக்தார். முன்னுரையில் அதற்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள். 1875-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. கணிதம் அப்படியே இருந்தது, நன்றி மட்டும் காணவில்லை. அளவைத் துறை அனுபவமுள்ள ஆங்கிலேயர் ஒருவரே, இறந்தவரிடம் செய்த திருட்டு என்ற பொருள்படப் பத்திரிகையில் கண்டித்து எழுதினார். இந்தியத் தபால் துறை சிக்தாரின் படத்தை அஞ்சல் தலையில் அச்சிட்டது 2004-ல்.