ஸர் நார்மன் கிரெக்

ஆஸ்திரேலியக் கண்வைத்தியர் ஸர் நார்மன் மக்கலிஸ்டர் கிரெக் என்பாரின் சரித்திரத்தை இங்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். இவர் 1892-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 7-ம் தேதி சிட்னி நகரின் பகுதியாகிய பர்வுட்டிற் பிறந்தார். சிட்னி சர்வகலாசாலையில் 1915-ல் வைத்தியப் பட்டம் பெற்றவுடன் ஐரோப்பிய யுத்தத்திற்குச் சென்று, தமது அஞ்சாமைக்காக மிலிட்டரி கிராஸ் என்னும் பதக்கத்தைப் பெற்றார். டென்னிஸிலும் கிரிக்கெட்டிலும் அவர் வல்லவர். விளையாட்டும் படிப்பும் ஒருவரிடம் சேரா என்று சாதிக்கும் நண்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக. பின்னர் இங்கிலாந்திற் கண்வைத்தியம் பயின்று 1923-ல் ஊர் திரும்பினார்.

1941-ன் தொடக்கத்தில் அவரிடம் கொண்டுவரப்பட்ட பச்சிளங்குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே கண்ணிற் புரை படர்ந்திருந்தது. கண்மணியின் நடுவே வெண்மை தோன்றிற்று. சில சிசுக்கள் இளைத்துப் பால் குடிக்கவும் இயலாதிருந்தன. பலவற்றின் இருதயமும் பழுதுற்றிருந்தது. பிறவிப் புரை குலவழி வருவதென்பதே அக்காலத்தார் கொள்கை. கருப்பையிலுள்ள சிசுவை வெளிநோய் எளிதில் அணுகாதென்றும் நம்பினர். ஆயின் ஒரே பருவத்தில், உறவில்லாத இத்தனை குடும்பங்களில், ஒரே குறை எங்ஙனம் தோன்றும்?

வைத்தியசாலையிற் காத்திருந்த தாய்மார், தாம் கருவுற்றிருந்தபோது ஜெர்மன் தட்டம்மை கண்டதாகத் தம்முட் பேசியது அவர் செவியில் விழுந்ததென்பர். ருபெல்லா எனப்படும் அந்நோய் மிக எளியது. சில நாட் சிவந்த தடிப்பும் சிறு காய்ச்சலும் தோன்றி மறையும். 1940-ல் அது ஆஸ்திரேலியாவிற் பெருவாரியாகப் பரவியிருந்தது. பெண்கள் பேச்சென்று தள்ளாமல், கிரெக் தாயர் ஒவ்வொருவரையும் வினவினார். பிற நகரத்துக் கண்வைத்தியர்களுக்கும் எழுதினார். கிடைத்த 78 குழந்தைகளுள் 13 பேர் அவர்தாமே பார்த்தவர்கள். 68 பேரின் தாய்மாருக்குக் கர்ப்பகாலத்தில் அந்நோய் கண்டிருந்தது. பெரும்பாலோர்க்கு முதலிரண்டு மாதங்களில். தாம் கருவுற்றதையே அறியாதிருந்தவரும் அவருட் சிலர். அவ்வாண்டு அக்டோபரில் மெல்போர்னிற் கூடிய கண்வைத்தியர் சங்கத்தில் அவர் இவற்றை வெளியிட்டார்.

உலகம் உடனே ஒப்பவில்லை. 1944-ல் லண்டன் லான்ஸெட் பத்திரிகை, இக்கூற்று நிரூபணமாகவில்லையென்று கருதிற்று. அவ்வையம் முற்றும் தவறென்று கூறோம். நோயுற்றும் நல்ல குழந்தையைப் பெற்ற தாயர் எத்தனை பேரென்பதைக் கிரெக் கணக்கிடவில்லை. எனினும் தென் ஆஸ்திரேலியாவில் ஸ்வான் என்பாரும் துணைவரும் 1943-லேயே அவர் கண்டதை உறுதிப்படுத்தியிருந்தனர். அக்குழந்தைகளிற் பலர்க்குக் காதுங் கேளாமை பின்னரே தெளிவாயிற்று.

எம் மனத்தை மிகவும் தொட்டது 1951-ம் ஆண்டுச் செய்தி. லாங்காஸ்டர் என்னும் கணித நிபுணர் பழைய ஜனக்கணக்குகளையும் செவிடர் பள்ளிப் பதிவுகளையும் ஆராய்ந்தபோது, 1899-ல் பிறந்தாருட் செவிடர் தொகை மிகுந்திருக்கக் கண்டார். அக்காலத்திலும் இந்நோய் பரவியிருந்தது. அவர்களைப் பெற்ற தாயர், காரணம் இன்னதென அறியாமலே அக்குறையைச் சுமந்து வாழ்ந்தனர்.

கருவின் கண்ணும் செவியும் இருதயமும் உருவாகும் முதல் வாரங்களில், கிருமி தாயின் இரத்தத்திலிருந்து நச்சுக்கொடி வழியே சென்று அவற்றின் வளர்ச்சியைக் கெடுக்கிறது. முதற் பன்னிரண்டு வாரங்களில் நோயுற்றால், கருவுக்குத் தீங்கு நேரும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு வரை எட்டும். பிறந்த குழந்தையும் பல மாதங்கள் அக்கிருமியைப் பிறருக்குப் பரப்பக்கூடும்.

கிரெக்குக்கு 1953-ல் ஸர் பட்டம் அளிக்கப்பட்டது. 1962-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அக்கிருமியைப் பிரித்தெடுத்ததை அவர் அறிந்தார். 1964-லும் 1965-லும் அமெரிக்காவிற் பரவிய கொள்ளையால் ஏறக்குறைய 20,000 குழந்தைகள் பிறவிக் குறையுற்றனர். அவர் 1966-ம் ஆண்டு ஜூலை மாதம் காலமானார். தடுப்பூசி 1969-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1971 முதல் அவர் தாயகத்துப் பள்ளிச் சிறுமியர் அதனைப் பெறலாயினர். 2018-ல் அந்நாடு ருபெல்லா ஒழிந்த நாடாயிற்று. நம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில், ஒன்பது மாதம் நிறைந்த சிசு முதல் பதினைந்து வயதிற்குட்பட்ட மாணவர் வரை யாவர்க்கும் தட்டம்மைத் தடுப்பூசியோடு இதனையுஞ் சேர்த்து இடத் தொடங்கினர்.