அவ்வை இல்லம் தந்த டாக்டர்

எங்கள் திருவாலங்காடு போன்ற ஊர்களில், கர்ப்பிணித் தாய்மார்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து, அரசின் மகப்பேறு நிதியுதவி பெறுவதுண்டு. அந்தத் திட்டத்துக்கு யார் பெயர் தெரியுமா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி!

அவர் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தாயார் சந்திரம்மாள், பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த குலத்தைச் சேர்ந்தவர். அந்நாளில் சில குடும்பங்களின் சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக் கட்டிவிடுவார்கள். அதன்பின் அவர்களுக்குத் திருமணம் கிடையாது. ஊராரின் ஏளனத்தோடுதான் வாழ வேண்டும்.

முத்துலட்சுமிக்குப் படிப்பில் தீராத ஆசை. ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில், எதிர்ப்பையும் மீறிச் சேர்ந்தார். பின்பு சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1912-இல் டாக்டரானார்.

1927-இல் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினரானார். துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே குரல் கொடுத்தார். கோயில் பணி செய்தால்தான் மானிய நிலம் என்ற கட்டு, அந்தப் பெண்களைப் பிடித்து வைத்திருந்தது. அவர் முயற்சியால் 1929-இல் சட்டம் திருத்தப்பட்டது. பணியிலிருந்து விலகினாலும் நிலம் அவர்களுக்கே என்றானது.

ஆனால், சட்டம் மட்டும் போதுமா? பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த சில பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. முத்துலட்சுமி தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அப்படிப் பிறந்ததுதான் அவ்வை இல்லம். ஆதரவற்ற பெண்களுக்கு அங்கே உணவும் உறைவிடமும் கிடைத்தன. சொந்தக் காலில் நிற்கக் கல்வியும் கிடைத்தது.

1930-இல் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். அவர் கொண்டு வந்த பொட்டுக்கட்டு ஒழிப்பு மசோதாவோ நிறைவேறாமல் நின்றது. அவர் சோர்ந்துவிடவில்லை. இந்திய மாதர் சங்கத்தோடு சேர்ந்து எழுதினார், பேசினார், அரசை விடாமல் வலியுறுத்தினார். 1947-இல் அந்த வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் வந்தது. பதினேழு ஆண்டுக் காத்திருப்பு!

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துயரம் அவர் மனத்தை விட்டு அகலவில்லை. மாதர் சங்கத்தின் துணையோடு ஊரெல்லாம் நிதி திரட்டி, 1954-இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று அங்கே 12 படுக்கைகள்தான். இன்று அது நாடறிந்த மருத்துவமனை.

1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1968-இல் மறைந்தார்.

பசித்து வந்தவருக்குச் சோறு போடுவது ஒரு தொண்டு. பசி வந்த காரணத்தைத் தேடி, அதை நீக்கும்படி அரசிடம் கேட்பது இன்னொரு தொண்டு. முத்துலட்சுமி இரண்டையும் செய்தார். நீங்களும் வளர்ந்து பிறருக்கு உதவும்போது, இரண்டையும் நினைவில் வையுங்கள், செல்வங்களே!