பிரீட்ரிக் பெசெல்

பிரீட்ரிக் வில்லெம் பெசெல் (ஜூலை 22, 1784 – மார்ச் 17, 1846) ஜெர்மானிய வானியலாளரும் கணிதவியலாளரும் ஆவார். சூரியன் தவிர்ந்த ஒரு விண்மீனின் தொலைவை நம்பத்தகுந்த முறையில் முதன்முதலில் அளந்து வெளியிட்டவர் இவரே. கண்ணுக்குப் புலப்படாத துணை விண்மீன்களை அவற்றின் ஈர்ப்பு விளைவைக் கொண்டு கண்டறியும் முறைக்கும் இவர் வித்திட்டார்.

வாழ்க்கைக் குறிப்பு

பெசெல் மின்டன் நகரில் பிறந்தார். 14ஆவது வயதில் பள்ளிப் படிப்பை விடுத்து, பிரெமென் நகர வணிக நிறுவனம் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கப்பற்போக்குவரத்தில் ஏற்பட்ட ஆர்வம் இவரை வானியலுக்கு இட்டுச் சென்றது. 1607ஆம் ஆண்டின் பழைய அவதானிப்புகளைக் கொண்டு ஹேலியின் வால்வெள்ளியின் சுற்றுப்பாதையை 1804இல் கணித்தார். இதனால் வானியலாளர் ஓல்பர்சின் ஆதரவைப் பெற்றார். 1810இல் கோனிக்ஸ்பெர்க் வானாய்வகத்தின் இயக்குநராக நியமிக்கப்பட்டு, இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். பல்கலைக்கழகத்தில் பயிலாத இவருக்கு, காஸ் என்பவரின் பரிந்துரையின் பேரில் கெட்டிங்கன் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கியது.

விண்மீன் தொலைவு

1838இல் 61 சிக்னி என்னும் விண்மீனின் இடமாறு தோற்றத்தை அளந்து, அதன் தொலைவு ஏறத்தாழ 10.3 ஒளியாண்டுகள் எனக் கணித்தார். தற்போதைய மதிப்பு 11.4 ஒளியாண்டுகள் ஆகும்.

புலப்படாத துணைகள்

தனித்த விண்மீன் ஒன்று வானில் நேர்கோட்டில் நகர வேண்டும். ஆனால் பல பத்தாண்டுகால அவதானிப்புகளை ஒப்பிட்ட பெசெல், சிரியசும் புரோசியோனும் அலைபோல வளைந்து நகர்வதைக் கண்டார். ஒவ்வொன்றையும் புலப்படாத துணை ஒன்று ஈர்ப்பதே இதற்குக் காரணம் என 1844இல் அறிவித்தார். இரண்டு ஆண்டுகளில் அவர் காலமானதால், அவற்றுள் எதையும் அவர் காணவில்லை.

சிரியசின் துணையை 1862இல் அமெரிக்கரான ஆல்வன் கிரகாம் கிளார்க் புதிய தொலைநோக்கி ஒன்றைச் சோதித்தபோது கண்டார். புரோசியோனின் துணை 1896இல் காணப்பட்டது. 1915இல் வால்ட்டர் ஆடம்ஸ் சிரியசின் துணையினது நிறமாலையைப் பதிவு செய்து, அது வெப்பம் மிகுந்தது எனக் காட்டினார். நகர்விலிருந்து நிறையும், ஒளி அளவு மற்றும் நிறமாலையிலிருந்து பருமனும் கிடைத்தன. இவற்றை இணைத்தபோது, அத்துணை சூரியனை ஒத்த நிறையைப் பூமியளவு பருமனில் அடக்கிய வெண் குறுமீன் என்பது தெளிவாயிற்று.

தாக்கம்

விண்மீனின் நிலை, நிறமாலை, நேரடிப் படம் ஆகியவற்றை இணைத்துத் தொலைவில் சுற்றும் துணைகளைக் கண்டறியும் முறை இன்றும் பின்பற்றப்படுகிறது. இப்பார்கசு, காயா ஆகிய விண்கலங்கள் வெவ்வேறு காலங்களில் அளந்த நிலைகளை ஒப்பிடுவதும் பெசெலின் வழிமுறையின் தொடர்ச்சியே ஆகும்.