சட்டம் பயின்ற காந்தியடிகள்

காந்தியடிகள் 1888ஆம் ஆண்டு, தம் 19ஆம் வயதில், இலண்டன் மாநகரின் இன்னர் டெம்பிள் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். அங்குத் தேர்வு எழுதுவதோடு, பருவந்தோறும் ஆறு விருந்துகளிலேனும் கலந்துகொள்ள வேண்டியிருந்தது. விருந்தில் இறைச்சியும் மதுவும் பரிமாறினர். அவற்றைத் தொடுவதில்லை என்று அன்னை புத்லிபாய்க்கு அவர் வாக்களித்திருந்தார். எஞ்சியவை ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசுமே. அவையும் தொடக்கத்தில் பிடிக்கவில்லை. அன்னையோ கடலுக்கு அப்பால் இருந்தார். ஆயினும், காந்தியடிகள் வாக்குத் தவறவில்லை. 1891இல் பாரிஸ்டர் ஆனார்.

பின்னர், தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், முதலாளி அடித்ததால் பல்லுடைந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் அவரிடம் வந்தார். அவர் பெயர் பாலசுந்தரம். பிழைக்கச் சென்ற தமிழர். காந்தியடிகள் அவரை மருத்துவரிடமும் நீதிபதியிடமும் அழைத்துச் சென்றார். வேறொருவரிடம் பணிபுரிய வழிசெய்தார். கற்ற சட்டம் எளியவருக்குத் துணையாயிற்று.