ஆழிக்குமரன் ஆனந்தன்

கப்பலோட்டிகளின் ஊராகிய வல்வெட்டித்துறை நம் குடாநாட்டுக்கு அளித்த வீரர் விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன். பிறந்தது 1943ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள். ஆழிக்குமரன் என்பது மக்கள் அன்பினால் இட்ட பெயர்.

பாக்குநீரிணையை நீந்திக் கடக்கும் ஆசை நம்மவர்க்குப் புதிதன்று. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இலேயே அதனை நீந்தி வழிகாட்டியிருந்தார். ஆனந்தனுக்கோ அக்கரை சேர்வது மட்டும் போதவில்லை. நீந்தியே திரும்பவும் வேண்டும் என்று துணிந்தார். 1971இல் இரு கரைகளையும் தொட்டு 51 மணி நேரத்தில் மீண்டார். இரண்டு பகல், இரண்டு இரவு, மேலும் மூன்று மணி!

ஒரு மனிதனின் தோளும் புயமும் இத்தனை நேரம் ஓயாது உழைப்பது எங்ஙனம்? பிறவிப் பலம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் உண்மை வேறு. பழகியதற்குச் சற்று மேலான வேலையைக் கொடுத்தால் தசைநார்களில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சிதைவுகள் உண்டாகின்றன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் நாம் உணரும் உளைவு பெரும்பாலும் இதனாலேயே. அவ்வேளையில், நாரின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் சில உயிரணுக்கள் விழித்துப் பெருகி, சிதைந்த இடத்தோடு ஒன்றிப் பழுது பார்க்கின்றன. அலெக்சாந்தர் மவுரோ என்னும் அறிஞர் இவற்றை 1961இல் கண்டு எழுதினார். பழுது பார்க்கும் வேலைக்கு உணவும் உறக்கமும் ஓய்வும் வேண்டும். மூன்றே மாதத்தில் புயம் பருக்க வேண்டுமென்று ஓய்வு நாளையும் விடாத நம் வாலிபர் சிலர் இதனைக் கவனிப்பதில்லை.

பயிற்சி எதுவோ, தசையின் மாற்றமும் அதுவே. பாரம் தூக்குபவனுக்கு நார் தடிக்கும். நெடுந்தூரம் நீந்துபவனுக்கோ அது அதிகம் பருப்பதில்லை. நாரைச் சூழ்ந்த நுண்குருதிக் குழாய்கள் பெருகுகின்றன, பிராணவாயுவைக் கொண்டு சக்தியை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளும் பெருகுகின்றன. இவை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வளர்பவை. பயிற்சியை நிறுத்தினால் அவ்வாறே குறைபவை.

கடலோடு அவர் நின்றுவிடவில்லை. 1980இல் கொழும்பில் ஒற்றைக்காலில் 33 மணி நேரம் நின்றார். நிற்பதில் என்ன பிரயாசை என்று எண்ணுவோர் கால்மணி நேரம் நின்று பார்க்கலாம்.

பின்னர் ஆங்கிலக் கால்வாய் அவரை அழைத்தது. தூரத்தைப் பார்த்தால் ஒடுங்கிய இடத்தில் அது சுமார் 34 கிலோமீற்றர்தான். பாக்குநீரிணையை இருமுறை கடந்தவருக்குப் பெரிதன்று. ஆனால் நம் கடல் வெதுவெதுப்பானது. அந்தக் கால்வாய் நீரோ ஆகஸ்ட் மாதத்திலும் 18 பாகை அளவில்தான் இருக்கும். குளிரில் தசை விரைவில் சோரும். அதைத் தாங்கும் பழக்கம் உடலுக்குத் தனியே வரவேண்டியது. தோள்வலி அதற்கு ஈடாகாது. 1984 ஆகஸ்ட் 6ஆம் நாள் அந்த முயற்சியிலேயே ஆனந்தன் உயிர் நீத்தார். வயது 41.