துறைமுக ஆபீசில் ஒரு கணித மேதை

பள்ளிப் படிப்பை முடித்து, அடுத்து என்ன செய்வது என்று திகைக்கும் எண்ணூர் நெட்டுக்குப்பத்துப் பிள்ளைகளே, உங்கள் கடலோரமாகவே தெற்கே வந்தால் சென்னைத் துறைமுகம். 1912 மார்ச் 1-ந் தேதி, அந்த ஆபீசில் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். அவர்தான் கணித மேதை ராமானுஜம்!

1887-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். 1904-ல் பள்ளியில் கணக்குக்குப் பரிசு வாங்கினார். கல்லூரியில் உதவிச் சம்பளமும் கிடைத்தது. ஆனால் மற்றப் பாடங்களை அவர் தொடவில்லை. உதவிச் சம்பளம் பறிபோயிற்று. வீட்டை விட்டே ஓடினார். பிறகு பச்சையப்பன் கல்லூரி, எப்.ஏ. பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. ஒரே பாடத்தில் புலியாக இருப்பவனுக்கு அன்றையக் கல்லூரிச் சட்டத்தில் இடமில்லை.

பட்டமில்லாமல், கணக்கு நோட்டுகளுடன் வேலை தேடி அலைந்தார். 1910-ல், திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரிடம் அவற்றைக் காட்டினார். தாலுகா ஆபீசில் அவருக்கு ஒரு வேலை போட்டுக் கொடுத்திருக்கலாம். அது இந்த அறிவை அமுக்கிவிடும் என்று அஞ்சிய அவர், சென்னைக் கணித அறிஞர்களுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கேட்கப் போனது வேலை, கிடைத்தது வழி.

கடைசியில் வாய்த்ததும் குமாஸ்தா வேலைதான் என்பது வேடிக்கை! ஆனால் துறைமுகத்தில் மேலதிகாரி நாராயண ஐயரே கணிதம் கற்றவர். மாலை வேளைகளில் இருவரும் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். பிறருக்குப் புரிய வேண்டுமானால் நடுவிலுள்ள படிகளையும் எழுத வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் கை கொடுத்தார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போயிற்று. அதே மே மாதம் முதல், பட்டமில்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி வழங்கியது. 1914-ல் கப்பலேறினார். 1918-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

நோயோடு திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. கடைசி நாட்களிலும் படுக்கையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்.